கஞ்சா கார்டு என்று ஒன்று இங்கே இல்லை

தீராத வலி, தூக்கமின்மை, மனப்பதற்றம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருப்பதாக மருத்துவரிடம் சான்று பெற்று, இணையத்தில் கட்டணம் கட்டிப் பதிவு செய்தால் ‘மெடிக்கல் கஞ்சா கார்டு’ கிடைக்கும் என்றும், அதைச் சட்டைப்பையில் வைத்திருப்பவரைப் போலீசார் தொட முடியாது என்றும் சேலம் அஸ்தம்பட்டி வட்டாரத்தில் ஒரு பேச்சு விடாமல் உலவுகிறது. நோயாளியை வீட்டில் வைத்துக்கொண்டு அல்லாடும் படித்த குடும்பத்தினர்கூட எங்கே விண்ணப்பிப்பது என்று விசாரிக்கும் அளவுக்கு அது வேர்விட்டுவிட்டது. இதில் பாதி உண்மை, கால் உண்மை என்று எதுவும் இல்லை. தமிழ்நாட்டிலோ இந்தியாவின் வேறெந்த மாநிலத்திலோ, நோயாளி ஒருவர் கஞ்சா வாங்கவும் வைத்திருக்கவும் புகைக்கவும் உரிமை தரும் அட்டையை எந்த அரசு அலுவலகமும் வழங்குவதில்லை. ஆதலால் காசு வாங்கிக்கொண்டு அப்படி ஒன்றைத் தருபவர் தருவது வெறும் காகிதம்.

இந்த அட்டை பிறந்த இடம் கலிபோர்னியா. அங்கே 1996இல் நடந்த பொது வாக்கெடுப்பு மருத்துவக் காரணத்துக்காகக் கஞ்சா பயன்படுத்துவதை அனுமதித்தது. பின்னர் அம்மாநில அரசே நோயாளிகளுக்கு அடையாள அட்டை வழங்கும் திட்டத்தை ஏற்படுத்தியது. மற்ற பல மாநிலங்களும் அவ்வழியில் சென்றன. அந்த அட்டையின் அதிகாரம் அதை வழங்கிய மாநிலத்தின் சட்டத்திலிருந்து வருகிறதே தவிர, அட்டையிலிருந்து வருவதில்லை என்ற எளிய செய்தியை வதந்தி பரப்புவோர் வசதியாக மறந்துவிடுகின்றனர். வெளிநாட்டு அட்டையுடனோ மருந்துச் சீட்டுடனோ விமானத்தில் கஞ்சா கொண்டுவருபவர், இந்தியச் சட்டத்தின் பார்வையில், போதைப்பொருளை இறக்குமதி செய்தவர் மட்டுமே. தாய்லாந்தை உதாரணம் காட்டுவோரும் உண்டு. 2022 ஜூனில் கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கிய அந்நாடே 2025 ஜூனில் மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று பின்வாங்கிவிட்டது.

இந்தியாவில் இவ்விஷயத்தை ஆள்வது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம். இதன் 8ஆம் பிரிவு, கஞ்சாவைப் பயிரிடுவது, வைத்திருப்பது, விற்பது, வாங்குவது, கொண்டுசெல்வது, உட்கொள்வது ஆகிய அனைத்தையும் தடுத்துவிட்டு, ‘மருத்துவ அல்லது அறிவியல் நோக்கங்களுக்காக அன்றி’ என்று ஒரு விலக்கையும் வைத்திருக்கிறது. வதந்தி முழுவதும் தொங்கிக்கொண்டிருப்பது இந்தச் சொற்றொடரில்தான். அந்த வாக்கியம் அத்துடன் முடிவதில்லை: சட்டமும் அதன்கீழான விதிகளும் வகுத்த முறையில், வகுத்த அளவில், உரிமம் தேவைப்படும் இடத்தில் உரிமத்துடன் என்று அது தொடர்கிறது. கஞ்சாவைப் பொறுத்தவரை அத்தகைய விதிகளை வகுக்கும் அதிகாரத்தை 10ஆம் பிரிவு மாநில அரசிடம் விட்டிருக்கிறது. நோயாளி நேரடியாகக் கஞ்சா பெறும் திட்டம் எதையும் தமிழ்நாடு அரசு வகுக்கவில்லை. கதவு இருக்கும் சுவரைக் காட்டி, கதவு திறந்திருக்கிறது என்று சொல்வது எவ்வளவு பொறுப்பற்ற செயல்!

இதன் உடன்பிறப்பு, ஒரு கிலோவுக்குக் குறைவாக வைத்திருந்தால் குற்றமில்லை என்னும் நம்பிக்கை. சட்டத்தில் ‘சிறு அளவு’ என்பது தண்டனையை நிர்ணயிக்கும் படிநிலை. அனுமதிக்கப்பட்ட அளவு அன்று. கஞ்சாவில் 1 கிலோவுக்குக் குறைந்தது சிறு அளவு, அதற்கு ஓராண்டு வரை கடுங்காவல் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு, அதற்குக் குறைந்தபட்சமே பத்து ஆண்டு. இடைப்பட்டதற்குப் பத்து ஆண்டு வரை. ஆகவே கால்சட்டைப் பையில் கிடக்கும் ஒற்றைப் பொட்டலமும் குற்றமே. மாடித் தொட்டியில் ஒரே ஒரு செடி வளர்ப்பவரின் நிலை இன்னும் மோசமானது. சாகுபடிக்கு இந்த அளவுக் கணக்கு பொருந்தாது, பத்து ஆண்டு வரை சிறை உண்டு. சேலத்தின் நீதிமன்ற வளாகமும் மத்திய சிறையும் அஸ்தம்பட்டியிலேயே நிற்க, அவற்றைக் கடந்து தினமும் கல்லூரிக்குச் செல்லும் இளைஞர்கள் இந்தக் கதையை நம்புவது வேதனைக்குரியது.

மற்ற நம்பிக்கைகள் இந்த அளவு பதிலுக்குத் தகுதி பெறாதவை. இலைக்குத் தடையில்லை, எனவே பாங்கு குடிக்கலாம் என்பர். மத்தியச் சட்டத்தின் வரையறை, பூக்கும் காய்க்கும் நுனிகளையும் பிசினையும் மட்டுமே சுட்டித் தனித்த இலையையும் விதையையும் விட்டுவிடுவது உண்மையே, ஆனால் தமிழ்நாட்டின் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இலையையும் பாங்கையும் சேர்த்தே தடுக்கிறது. அந்தச் சட்டம் ராஜாஜி ஆட்சியில், 1937 அக்டோபர் 1 அன்று, நாமக்கல்லையும் உள்ளடக்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில்தான் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது என்பதை இவ்வூரார் அறிந்திருக்க வேண்டும். சித்தர்கள் கையாண்ட மூலிகை ஆயிற்றே என்பர். சித்த மருத்துவத்தில் கஞ்சா உண்டு, ஆனால் மருந்து விதிகளின் ஈ-1 அட்டவணை அதை நச்சுப் பொருள்களின் வரிசையில் வைத்து, அது சேர்ந்த மருந்தை மருத்துவ மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்று எச்சரிக்கை அச்சிடச் சொல்கிறது. ஐ.நா. 2020 டிசம்பரில் தடையை நீக்கிவிட்டது என்பது அரைகுறைப் படிப்பு; மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து நீக்கியதே தவிர, முதல் பட்டியலில் கஞ்சா இன்றும் இருக்கிறது.

கஞ்சாவின் சில வேதிப்பொருள்களுக்கு மருத்துவப் பயன் உண்டென்பதை மறுக்கத் தேவையில்லை. குழந்தைகளின் அரிய வகை வலிப்பு நோய்களுக்கு, தூய்மைப்படுத்திய கன்னாபிடியோல் மருந்தை அமெரிக்கா 2018இல் ஏற்றது. ஆனால் அட்டை தேடி அலையும் குடும்பங்களில் பலவற்றின் உண்மையான தேவை புற்றுநோய் வலிக்கு நிவாரணம், அதற்குச் சட்டம் அனுமதித்த மருந்து ஏற்கெனவே இருக்கிறது: அபினியிலிருந்து எடுக்கப்படும் மார்ஃபின். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கெடுபிடியால், நூற்றுக்கணக்கான கிலோவாக இருந்த நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 1997இல் 18 கிலோவாகச் சுருங்கி, எண்ணற்றோர் வலியில் துடித்தே இறந்தனர். அந்தத் தவற்றைத் திருத்தத்தான் 2014இல் சட்டம் மாற்றப்பட்டு, மார்ஃபின் உள்ளிட்ட ஆறு மருந்துகள் ‘இன்றியமையாத போதை மருந்துகள்’ ஆக்கப்பட்டன. பல உரிமங்களுக்கு அலைய வேண்டியிராமல், மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் அவற்றை இருப்பு வைத்து வழங்கலாம்.

பத்து மில்லிகிராம் மாத்திரை ஒன்றை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, மலச்சிக்கலுக்கான மருந்தையும் சேர்த்து, மருத்துவர் சொன்ன கணக்கில் கொடுத்தால், இரவெல்லாம் முனகியவர் உறங்குவார். இதைக் கேட்டுப் பெறும் குடும்பங்கள் மிகக் குறைவு. அடிமையாக்கிவிடும் என்று அஞ்சி எழுதித் தர மறுக்கும் மருத்துவர்களும் இருக்கின்றனர் என்பது வெட்கக்கேடு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் கிடப்பவரின் வீட்டுக்கே வந்து செய்யும் வலி நிவாரணப் பராமரிப்பும் அடங்கும். இல்லாத அட்டைக்குப் பணம் கட்ட நினைப்பவர் அந்த நேரத்தில் அரசு மருத்துவமனைக்குச் சென்று, நோயாளியின் வலிக்கு வாய்வழி மார்ஃபின் தருவீர்களா என்று கேட்க வேண்டும். இருப்பில் இல்லை என்றால், ஏன் இல்லை என்பதை எழுத்தில் கேட்க வேண்டும்.