வயிற்றைத் திறந்தா, துளை வழியாகவா?

கேள்வி: உடல் பருமனுக்காக என் அக்காவுக்கு இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சை செய்யச் சொல்கிறார்கள். வயிற்றைத் திறந்து செய்வது நல்லதா, லேப்ராஸ்கோப்பி நல்லதா?
– வாசகி, திருச்சி

பதில்: உள்ளே நடக்கும் வேலை இரண்டிலும் ஒன்றுதான்: இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு இணைப்பார்கள். எடையும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குறையும். திறந்த முறையில் நடுவயிற்றில் நீளமாகக் கீற வேண்டும். பருமனானவர்களுக்கு அந்தக் காயத்தில் சீழ் பிடிப்பதும், பின்னாளில் அங்கே குடலிறக்கம் வருவதும் அதிகம். லேப்ராஸ்கோப்பிக்கு ஐந்தாறு சிறு துளைகள் போதும். வலி குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். அதனால் இன்று அதுவே முதல் தேர்வு. முந்தைய அறுவை சிகிச்சையால் உள்ளுறுப்புகள் ஒட்டியிருந்தாலோ, ரத்தப்போக்கு கட்டுப்படாவிட்டாலோ உயிரைக் காக்கத் திறந்த முறைக்கு மாறுவார்கள். எந்த முறையானாலும், சத்து மாத்திரைகளை அக்கா வாழ்நாள் முழுவதும் விடக்கூடாது.