வல்லரசுகளின் பூசல் போராக மாறுமா?

தூதரக அதிகாரிகள் வெளியேற்றப்படுவதும், பேச்சுவார்த்தைகள் முறிவதும், வாணிபத் தடைகள் விதிக்கப்படுவதும் செய்தியாகும்போதெல்லாம், உலகப் போர் மீண்டும் மூளுமோ என்ற ஐயம் எழுகிறது. கடந்த நூற்றாண்டின் இரு பெரும் நெருக்கடிகளை ஒப்பிட்டு நோக்கினால் இவ்வினாவுக்கு ஓரளவு தெளிவான விடை காணலாம். அவற்றுள் ஒன்று போரில் முடிந்தது. மற்றொன்று போரின் விளிம்புவரை சென்று திரும்பியது.

வாணிபம் மட்டும் போதுமா?

தொழில்வள நாடுகளின் வாணிபமும் கடன் வசதிகளும் பின்னிப் பிணைந்துவிட்டமையால், போரில் வென்றவருக்கும் ஆதாயம் கிட்டாது என்று 1910-ஆம் ஆண்டு வெளியான ஒரு நூலில் நார்மன் ஏஞ்சல் வாதிட்டார். பொருளாதார நோக்கில் அவர் கூற்று பிழையன்று. ஆயினும், ஒன்றுக்கொன்று முக்கிய வாடிக்கை நாடுகளாக இருந்த பிரிட்டனும் ஜெர்மனியும் 1914 ஆகஸ்ட் 4 அன்று போரில் இறங்கின. சராயெவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் கொல்லப்பட்ட ஜூன் 28-இலிருந்து 37 நாட்களே கழிந்திருந்தன. ஒரு நாடு படை திரட்டியதும் மறு நாடும் திரட்டியது. ரயில் கால அட்டவணைப்படி படைகள் நகரத் தொடங்கியபின், தலைவர்கள் நின்று சிந்திப்பதற்கு அவகாசம் இல்லாது போயிற்று.

கியூபா தந்த பாடம்

1962-இல் அமெரிக்காவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் இடையே வாணிபம் மிகச் சொற்பமே. ஆயினும் போர் மூளவில்லை. கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் நிறுவப்படுவதை அறிந்த அதிபர் கென்னடி, உடனடியாக விமானத் தாக்குதல் நடத்துவதைத் தவிர்த்துக் கடல்வழித் தடையைத் தேர்ந்தார். இதனால் இரு தரப்புக்கும் சிந்திக்கச் சில நாட்கள் கிடைத்தன. அக்டோபர் 28 அன்று குருஷ்சேவ் ஏவுகணைகளை அகற்ற இசைந்தார். துருக்கியிலிருந்த தன் ஏவுகணைகளை விலக்கிக்கொள்வதாக அமெரிக்காவும் மறைவாக உறுதியளித்திருந்தது.

அணு ஆயுதங்கள் பற்றிய அச்சம் இவ்விணக்கத்துக்கு ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அச்சம் மட்டுமே காப்பாகிவிடாது. அக்டோபர் 27 அன்று கியூபாவின் மீது பறந்த அமெரிக்க உளவு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதே நாளில் அமெரிக்கக் கப்பல்களால் சூழப்பட்ட சோவியத் நீர்மூழ்கிக் கப்பலொன்றில் அணுசக்தி நீர்மூழ்கிக் குண்டை ஏவும் பேச்சு எழுந்தபோது, வசிலி அர்ஹிபோவ் என்ற அதிகாரி அதற்கு இசையவில்லை. ஒரு தனி மனிதரின் நிதானத்தை நம்பி உலகம் இருத்தல் தகாது.

இதனை இரு வல்லரசுகளும் உணர்ந்தன. நெருக்கடியின்போது தலைவர்களின் கடிதங்கள் போய்ச் சேரப் பல மணி நேரம் ஆயிற்று. எனவே, 1963 ஜூனில் செய்த உடன்பாட்டின்படி, வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையே நேரடித் தொலை அச்சு இணைப்பு ஏற்படுத்தப்பட்டது. அதே ஆகஸ்டில், நிலத்தடி தவிர்த்த ஏனைய அணு வெடிப்புச் சோதனைகளைத் தடை செய்யும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

இன்றைய நிலை

அமெரிக்காவும் சீனாவும் 2023-இல் 50,000 கோடி டாலருக்கும் மேற்பட்ட பண்ட வாணிபம் நடத்தின. 1914-இன் அனுபவத்தைக் கருதினால், இதை மட்டுமே நம்பியிருத்தல் இயலாது. தைவான் குறித்த கருத்து வேறுபாட்டால் 2022 ஆகஸ்டில் சீனா நிறுத்திய படைத்தலைமைத் தொடர்புகள், 2023 நவம்பரில் இரு அதிபர்களும் சந்தித்தபோது மீண்டும் தொடங்க இசைவு பெற்றன. இது நல்ல அறிகுறி. மறுபுறம், அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் 1987-இல் செய்த நடுத்தர ஏவுகணை உடன்படிக்கை 2019-இல் முடிவுற்றது. 2010-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் தன் பங்கேற்பை 2023-இல் ரஷ்யா நிறுத்தி வைத்தது. பூசல் வளரும் காலத்தில் பரஸ்பரச் சோதனை முறைகள் நலிவது கவலைக்குரியது.

நமக்கென்ன?

இப்பூசல்களின் சுமை, அவற்றில் பங்கு கொள்ளாத நாடுகள் மீதும் விழுகிறது. 2022-23 நிதியாண்டுக்கு நம் நாடு உர மானியமாக ஏறத்தாழ 1.05 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கியது. வரவு செலவுத் திட்டம் முன்வைக்கப்பட்ட அதே பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிற்று. ஏற்கனவே உயர்ந்திருந்த உர விலையும் எரிவாயு விலையும் மேலும் ஏறின. திருத்திய மதிப்பீட்டில் மானியம் சுமார் 2.25 லட்சம் கோடியாயிற்று. பள்ளிக்கும் பாசனத்துக்கும் பயன்பட்டிருக்கக்கூடிய தொகை, தொலைதூரப் போரின் விளைவை ஈடுகட்டச் செலவாயிற்று.

ஆகவே, தூதரகப் பூசல் தானாகவே போராகிவிடுவதில்லை; சிந்திக்க அவகாசமும் பேசுவதற்கு வழியும் அற்றுப்போகும்போதே அது போராகிறது. உலகச் செய்திகளைப் பயில்வோர், தலைவர்களின் கடுஞ்சொற்களை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாது, தொடர்பு வழிகள் திறந்துள்ளனவா, உடன்படிக்கைகள் நடைமுறையில் உள்ளனவா என்பதையும் கவனித்தல் வேண்டும். அவ்வழிகள் திறந்திருக்க வேண்டுமென உலக அரங்குகளில் வலியுறுத்துவது, வளரும் நாடுகள் தம் திட்டங்களைக் காத்துக்கொள்ளும் வழிகளுள் ஒன்றாகும்.