பின்னிருக்கைக் குழந்தையும் கோடை வெயிலும்

வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறும் குடும்பங்கள் மலையின் குளிர்ச்சியையே எண்ணிப் புறப்படுகின்றன. அடிவாரத்து அக்கினி நட்சத்திர வெயிலோ, வாய்விட்டுச் சொல்லத் தெரியாத பின்னிருக்கைக் குழந்தையை முதலில் வாட்டுகிறது.

பெரியவர்களைவிடக் குழந்தையின் உடல் 3 முதல் 5 மடங்கு விரைவாகச் சூடேறும். வெயிலில் நிறுத்திய காருக்குள் 10 நிமிடங்களில் வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் உயரும்; கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் பெரும் பயனில்லை. ஆகவே தேநீர் அருந்தவோ பழம் வாங்கவோ இறங்கும்போது, உறங்குகிறதே என்று குழந்தையைக் காரில் விட்டுச் செல்ல வேண்டா எனக் கேட்டுக்கொள்கிறோம். தூக்கிக்கொண்டே இறங்குங்கள்.

புறப்படுமுன் கதவுகளைத் திறந்து சூட்டை வெளியேற்றுங்கள். இருக்கை வாரின் உலோகப் பகுதி சுடுகிறதா எனத் தொட்டுப் பாருங்கள். முன்னிருக்கை குளிர்ந்தாலும் ஏசி காற்று பின்புறம் எட்டாதிருக்கலாம். குழந்தை அமரும் இடத்தில் கைவைத்து அறியுங்கள். வெயில் படாத பக்கம் அமர்த்தி, மெல்லிய பருத்தி ஆடை அணிவியுங்கள். துணியால் போர்த்தி மூடாதீர்கள். 6 மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலும், வளர்ந்த குழந்தைகளுக்குத் தண்ணீரும் அடிக்கடி கொடுங்கள்.

உடல் அனலாய்க் கொதித்தல், வாந்தி, சிறுநீர் குறைதல், எழுப்பினாலும் விழிக்காத சோர்வு ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். உடனே 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை குழந்தையை நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடலைத் தண்ணீரால் நனைத்து விசிறுங்கள். மயங்கிய குழந்தையின் வாயில் நீர் ஊற்றலாகாது.