குஞ்சுகளுக்குக் கையால் போடும் தீன்

அடைக்கோழி தன் குஞ்சுகளை முற்றத்துக்கு இறக்கிவரும் முதல் நாளில், அது செய்வதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். காலால் குப்பையைக் கிளறுகிறது. ஒரு கறையானோ சிறு பூச்சியோ அகப்பட்டால் உடனே விழுங்கிவிடுவதில்லை. “கொக், கொக்” என்று தாழ்ந்த குரலில் கூப்பிட்டு, அதை அலகால் எடுத்தும் கீழே போட்டும் காட்டுகிறது. குஞ்சுகள் ஓடிவந்து கொத்துகின்றன. எது தீன், எது தீன் அல்ல என்பதை அவை இப்படித்தான் படிக்கின்றன. ஆகவே குஞ்சுக்கு ருசியான துண்டொன்றைக் கொடுப்பது நாம் புதிதாகக் கண்டுபிடித்த செல்லம் அல்ல. அது தாய்க்கோழியின் பழக்கம்.

ஆனால் எம்மிற் பலரிடம் வந்து சேரும் குஞ்சுகள் தாயில்லாதவை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் மலைநாடெங்கும் மண் சரிந்தபோதும், லயங்களோடு மாட்டுப்பட்டிகளும் மரக்கறிப் பாத்திகளும் கோழிக்கூடுகளும் போயின. மறுபடி தொடங்கும் குடும்பத்தின் கைக்கு வருவது பெரும்பாலும் ஒரு கடதாசிப் பெட்டியும் அதற்குள் பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளும்தான். அந்தப் பெட்டி ஒரு குடும்பத்தின் முதல். அதைச் சுற்றி உட்காரும் பிள்ளைகளுக்கோ, எல்லாம் போன பின்பு வீட்டுக்கு வந்த முதற் சந்தோஷம். சாப்பாட்டில் ஒரு பிடியைக் குஞ்சுக்குப் போடாமல் எந்தப் பிள்ளை இருக்கும்?

அட்டன் பக்கத்துத் தற்காலிகக் குடியிருப்பு ஒன்றில் நாம் கண்டதைச் சொல்கிறோம். ஐந்து நாள் வயதான குஞ்சுகள். பிள்ளைகள் தேநீரில் தோய்த்த பாணையும் விசுக்கோத்துத் தூளையும் போட்டு வந்தார்கள். நான்கு குஞ்சுகள் இறந்திருந்தன. மற்றவற்றின் பின்புறத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்து வழியை அடைத்திருந்தது. “பாண் போட்டதால்தான் செத்தது” என்று தாய் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருந்தார். பாண் நல்லதல்ல என்பது உண்மைதான். ஆனால் பெரிய குற்றவாளி வேறு. அந்தக் கட்டடத்தில் இரவு பத்து மணிக்கு மின்குமிழை அணைத்துவிடுவார்கள். விடியும்வரை குஞ்சுகள் குளிரில் கிடந்தன. குளிர்ந்த குஞ்சுக்கு எந்தத் தீனும் செமிக்காது.

எனவே தீனுக்கு முன்பு சூட்டைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. முதற் கிழமையில் குஞ்சு இருக்கும் இடத்தில் 32 முதல் 35 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். பின்பு கிழமைக்கு ஏறத்தாழ 3 பாகையாகக் குறைத்து வரலாம். 1977இலும் 1983இலும் வன்செயலுக்கு அஞ்சி மலையை விட்டு வன்னிக்குப் போன எமது உறவினர்களுக்கு இது பெரிய பாடாக இராது. பகலில் வெயிலே பாதி வேலையைச் செய்துவிடும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தை மாதப் பனியில் அப்படியல்ல. வெப்பமானி தேவையில்லை, குஞ்சுகளே சொல்லும். ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கத்தினால் குளிர். விளக்கை விட்டு விலகி அலகைத் திறந்து மூச்சுவிட்டால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரி. மின்சாரம் நிற்கும் இடங்களில் சுடுநீர் நிரப்பிய போத்தலைச் சாக்கில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, இரவில் ஒரு தடவையாவது எழுந்து மாற்ற வேண்டும். மண்ணெண்ணெய் விளக்கை மூடிய பெட்டிக்குள் வைக்க வேண்டாம். புகையும் கொல்லும், நெருப்பும் கொல்லும்.

பின்புறம் அடைத்த குஞ்சுகளை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் மெல்லத் துடைத்து, உலர்த்தி, சூட்டில் விட்டோம். இழுத்துப் பிய்க்கக் கூடாது, தோல் கிழிந்துவிடும்.

இனித் தீன். குஞ்சு முட்டையை விட்டு வரும்போது மஞ்சட்கருவின் மிச்சத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு வருகிறது. அதன் பலத்தில் இரண்டு நாள் வரை தாங்கும். பெட்டியில் அடைத்துப் பஸ்ஸில் கொண்டுவர முடிவது அதனால்தான். வந்தவுடன் முதலில் தண்ணீர் காட்ட வேண்டும். அலகு நுனியை நீரில் ஒரு தடவை தொட்டுவிட்டால் போதும், மற்றதைத் தானே பழகும். அடுத்துத் தட்டில் குஞ்சுத் தீனைப் பரப்பி, விரல் நுனியால் அதன்மேல் தட்டிக் காட்டுங்கள். தாயின் அலகு என்று நினைத்துக் கொத்தத் தொடங்கும். பிள்ளைகள் இதை எங்களைவிட நன்றாகச் செய்கிறார்கள். குஞ்சோடு சேர ஆசைப்படும் பிள்ளைக்கு இந்த வேலையைக் கொடுங்கள்.

முதல் பத்து நாட்களுக்குக் குஞ்சுத் தீனும் சுத்தமான நீரும் தவிர வேறொன்றும் வேண்டாம். காரணத்தைக் கணக்காகச் சொல்லலாம். நல்ல குஞ்சுத் தீனில் நூற்றுக்கு ஏறக்குறைய 20 பங்கு புரதம் உண்டு. அரிசிக் குறுணலில் 7 அல்லது 8 பங்குதான். பத்தில் ஒரு பங்கு குறுணல் சேர்ந்தால் மொத்தப் புரதம் ஏறத்தாழ 19 ஆகும், குஞ்சு அதைத் தாங்கும். பாதிக்குப் பாதி சேர்ந்தால் 14க்குக் கீழே இறங்கிவிடும். வயிறு நிறைந்திருக்கும், ஆனால் இறகு முளைக்காது. மலைக்குளிரில் இறகில்லாத குஞ்சு எத்தனை நாள் நிற்கும்? இன்னொன்றும் உண்டு. கடைத் தீனில் பெரும்பாலும் இரத்தக் கழிச்சலைத் தடுக்கும் மருந்து கலந்திருக்கும். சோற்றால் வயிற்றை நிரப்பினால் அந்த மருந்தும் பாதியாகிறது.

வெள்ளைச் சோறு கோழிக்குப் போதாது என்பதை உலகம் அறிந்த கதை சுவையானது. 1890ஆம் ஆண்டை அண்டி, ஜாவாத் தீவின் பத்தேவியா நகரில், கிறிஸ்டியான் எய்க்மான் என்ற ஒல்லாந்து வைத்தியர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய கோழிகளுக்குக் கால் துவண்டு, நடக்கமுடியாமல் போயிற்று. சில மாதங்களில் தாமாகவே சுகமாயின. விசாரித்தபோது விடயம் வெளிவந்தது. இராணுவ ஆஸ்பத்திரிக் குசினியில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றையே கோழிகளுக்குப் போட்டு வந்திருக்கிறார்கள். பின்பு வந்த சமையற்காரர் இராணுவத்தின் சோற்றைக் கோழிக்குக் கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டார். தீட்டாத அரிசி போடப்பட்டது, கோழிகள் எழுந்து நடந்தன. தவிட்டோடு நாம் கழித்துவிடும் சத்தை இன்று வைட்டமின் பி1 என்கிறோம். எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. சமையற்காரரின் பெயரை யாரும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை.

பத்து நாளுக்குப் பின்பு கைத்தீன் கொடுக்கலாம். காலையில் வேண்டாம். குஞ்சுத் தீனைத் தின்று முடித்த பிற்பகலில், பத்து நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு போதும். மீந்ததை எடுத்துவிட வேண்டும். கிடந்து புளித்தால் எறும்பும் நோயும் வரும்.

எதைக் கொடுக்கலாம்? முதலிடம் அவித்த முட்டைக்கு. ஒன்றை நன்றாக நசுக்கினால் பத்துப் பன்னிரண்டு குஞ்சுக்கு ஒரு வேளைக்குப் போதும். கவ்வாத்து விறகைப் பிளக்கும்போது உள்ளிருந்து கறையான் விழுந்தால் அது குஞ்சுகளுக்குத் திருவிழாதான். குரக்கனும் நொறுக்கிய சோளமும் கொஞ்சம் போடலாம். பொன்னாங்காணி, வல்லாரை போன்ற இளங்கீரையை மிகப் பொடியாக அரிந்து கொடுங்கள். நீளப் புல்லைப் போட்டால் கழுத்தடியிலுள்ள தீன்பையில் சிக்கிக் கட்டியாகிவிடும். கீரையும் தானியமும் கொடுக்கத் தொடங்கும் நாளிலிருந்து ஒரு சிரட்டையில் பருமணல் வைக்க வேண்டும். பல்லில்லாத பறவை, வயிற்றிலுள்ள மணலால்தான் அரைக்கிறது. மண்புழுவைத் தேடிக் கொடுக்க வேண்டாம், சில குடற்புழுக்கள் அதன் வழியாகவே குஞ்சுக்கு வருகின்றன.

நுவரெலியாப் பக்கத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மரக்கறித் தோட்டத்தில் கழித்துப் போட்ட கோவா இலையும் லீக்ஸ் தாளும் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் மருந்து அதிகம் படிவது அந்த வெளி இலைகளில்தான். யாருடைய தோட்டம், கடைசியாக எப்போது தெளித்தார்கள் என்று தெரியாத இலையைக் குஞ்சுக்குக் கொடுக்க வேண்டாம். களைநாசினி அடித்த தேயிலை மலையில் பிடுங்கிய புல்லும் அப்படியே. உருளைக்கிழங்கின் பச்சைத் தோலும் முளையும், வேகாத போஞ்சி விதையும், ஆனைக்கொய்யாவின் தோலும் கொட்டையும் நஞ்சு. கருவாட்டு மிச்சமும் மிக்சரும் உப்பினால் கெடுதி. சிறு குஞ்சு உப்பைத் தாங்காது.

பூஞ்சணம் பிடித்ததை “கோழிக்குத்தானே” என்று போடும் பழக்கம் எம்மிடையே உண்டு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணத்தின் நஞ்சே காரணம் என்று பின்பு தெரிந்தது. அஃப்லாடொக்சின் என்ற அந்த நஞ்சு சமைத்தாலும் போகாது. மழை மூடும் காலத்தில் எமது வீடுகளின் சீமெந்துத் தரை எப்போதும் ஈரம். தீன் சாக்கைப் பலகைமேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். கட்டியான தீனையும் மணம் மாறிய தேங்காய்ப் புண்ணாக்கையும் புதைத்துவிடுங்கள்.

கையில் பணமில்லாத கிழமை வரும். அதை அறியாதவர்கள் போல நாம் எழுதக் கூடாது. அப்போது நொறுக்கிய சோளம், நன்றாக அவித்துக் கடைந்த பயறு அல்லது பருப்பு, கிடைத்தால் ஒரு முட்டை என்று சேர்த்துச் சில நாட்களைக் கடத்தலாம். ஒரு மாதத்தைக் கடத்த முடியாது. முட்டைக்காக வளர்க்கும் குஞ்சு ஒன்று ஆறு கிழமைக்குள் ஏறத்தாழ ஒரு கிலோ தீன் தின்னும். பெட்டியை வாங்கும் அன்றே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பத்துக் கிலோவுக்குத்தான் வழியுண்டு என்றால் பத்துக் குஞ்சை வைத்துக்கொண்டு, மிகுதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது நல்லது. இருபதை அரைவயிற்றில் வளர்த்து எட்டை மிஞ்ச வைத்த வீடுகளை நாம் கண்டிருக்கிறோம்.

தடுப்பூசிகளை எந்த வயதில் போடுவது என்பதை உங்கள் பிரிவின் அரச மிருக வைத்திய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ராணிக்கெட் வந்தால் தீனால் காப்பாற்ற முடியாது.

ஆறேழு கிழமையில் இறகு மூடியதும் குஞ்சுகளை வெளியே விடலாம். அப்போது கைத்தீனுக்கு வேறொரு பயன் வருகிறது. கீரியும் காட்டுப்பூனையும் உலாவும் மலை இது, இருட்டுவதற்குள் எல்லாம் கூட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்குத் துரத்த வேண்டியதில்லை. குஞ்சாக இருந்த நாளிலிருந்தே கைத்தீனைப் போடும்போது ஒரே தகரப் பேணியைத் தட்டி, “பா, பா” என்று ஒரே குரலில் கூப்பிட்டுப் பழக்கியிருந்தால், மாலை ஐந்தரைக்குக் கூட்டு வாசலில் நின்று பேணியைத் தட்டினால் போதும்.