வாளி பேசிய பாட்டு

தன் குழந்தை கட்டிய பாட்டை நாலு பேர் கேட்க எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது பெற்றவர்களுக்கு இயல்பாக உண்டாகும் ஆசை. அதைக் குற்றமென்று சொல்பவர், அப்படியொரு பாட்டைத் தம் வீட்டுக் கூடத்தில் ஒரு தடவையேனும் கேட்டிராதவராகத்தான் இருக்க வேண்டும். என் மகளுக்கு இப்போது ஏழு பிராயம். அவள் பாட்டுகளைக் காப்பாற்றி வைப்பதிலும் பிறருக்குக் காட்டுவதிலும் எனக்கு வாய்த்த அனுபவங்கள், இதே ஆனந்தத்துக்கும் இதே தொல்லைக்கும் ஆளாகியிருக்கும் பெற்றோருக்கு உபயோகப்படலாம்.

குழந்தைகள் காகிதமும் கையுமாக உட்கார்ந்து கவி செய்வதில்லை. ஊஞ்சல் ஆடும்போதும், படிகளில் குதித்து இறங்கும்போதும் அது தானாகவே வந்து விழுகிறது. ரஷ்யக் குழந்தைக் கவிஞர் கர்னேய் சுக்கோவ்ஸ்கி, ‘இரண்டு முதல் ஐந்து வரை’ என்ற நூலில், சிறு குழந்தைகளின் செய்யுள் துள்ளலிலும் குதூகலத்திலும் பிறப்பது என்பதைப் பல உதாரணங்களோடு விளக்கியிருக்கிறார். ஆகவே எழுதிக்கொள்ளும் பொறுப்பு நம்முடையது. “இன்னொரு தடவை சொல்லு, கண்ணு” என்று கெஞ்சினால் வேறு பாட்டுத்தான் கிடைக்கும். அதனால் சமையலறைக் காலண்டரோடு ஒரு பென்சிலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பாட்டோடு தேதியையும், பாடும்போது அவள் செய்துகொண்டிருந்த காரியத்தையும் குறித்துவைப்பது நல்லது.

மாடி ஒழுகிய ஒரு மழைநாளில், சொட்டும் இடத்தில் வைத்த பிளாஸ்டிக் வாளியைச் சுற்றி வந்துகொண்டே அவள் பாடியது இது:

மழை வந்தா மாடி குளிக்கும்,
மாடி குளிச்சா வாளி பேசும்,
வாளி நிறைஞ்சா பேச்சு நிக்கும்,
வாய் நிறைஞ்சா நானும் அப்படித்தான்!

காலி வாளியில் ‘டொக் டொக்’ என்று விழும் துளி, நீர் ஏற ஏறச் சத்தம் மாறி அடங்கிப்போவதை நாங்கள் எல்லோருமே கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். கவனித்தவள் அவள் ஒருத்திதான். கடைசி அடியைக் கேட்டு அதிகமாகச் சிரித்தவள், சாப்பிடும்போது பேசாதே என்று தினமும் அவளை அதட்டும் பாட்டி.

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற தாத்தாவுக்கு மட்டும் மனம் பொறுக்கவில்லை. ‘குளிச்சா’வைக் ‘குளித்தால்’ என்றும் ‘நிறைஞ்சா’வை ‘நிறைந்தால்’ என்றும் மாற்றிக் கொடுத்தார். அசை பிரித்துப் பார்த்தால் ஓசைக்கு எள்ளளவும் பங்கமில்லை. ஆயினும் அவள் அதை வாசித்துவிட்டு, “இது உங்க பாட்டு, தாத்தா. நீங்களே வெச்சுக்கோங்க” என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். திருத்தம் விஷயத்தில் இதைவிடத் தெளிவான அபிப்பிராயம் எனக்குக் கிடைத்ததில்லை.

காதுக்கு மட்டும் நல்ல உணவு கொடுக்கலாம். இரவில் அழ. வள்ளியப்பாவையும் கவிமணியையும் உரக்கப் படித்துக் காட்டுகிறேன், அர்த்தம் சொல்வதில்லை.

பிறருக்குக் காட்டுவதற்கு முன் அவளுடைய சம்மதத்தைக் கேட்பது அவசியம். விருந்தாளி வந்து காபியை வாயில் வைக்குமுன்பே, “எங்கே, மாமாவுக்கு ஒரு பாட்டுச் சொல்லு” என்று குழந்தையைக் கூடத்தின் நடுவில் நிறுத்தும் வழக்கம் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. வந்தவருக்கும் அது சங்கடம். குடும்பத்து வாட்ஸப் குழுவில் போடுவதற்கும் இதே விதிதான். “அத்தைக்கு அனுப்பலாம், அண்ணனுக்கு வேண்டாம், கேலி பண்ணுவான்” என்று அவள் சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது. பாராட்டும்போதும், “மகாகவி!” என்று கூவுவதைக் காட்டிலும், ‘வாளி பேசும்’ என்ற இடம் பிடித்தது என்று குறிப்பிட்டுச் சொன்னால் அவள் முகம் அதிகமாக மலர்கிறது.

எங்கள் ஊர்ச் சங்கத்தார் ஆண்டு விழாவில் அவளை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்த விரும்பி வந்தார்கள். எட்டயபுரத்து அவையில் 11 வயதுச் சுப்பிரமணியனுக்குப் ‘பாரதி’ என்ற பட்டம் கிடைத்த சரித்திரத்தை அவர்களுடைய காரியதரிசி உருக்கமாக எடுத்துரைத்தார். அந்தப் பிள்ளையின் தகப்பனார் மகன் கணிதம் படிக்க வேண்டுமென்று ஆசைப்பட்டவர் என்பதை நானும் மரியாதையோடு ஞாபகப்படுத்தினேன். மகளைக் கேட்டதற்கு, மேடையில் பூனை இருக்குமா என்றாள். இருக்காது என்று காரியதரிசி சொல்லிவிட்டார்.