சிமெண்டு மூட்டைக்குள் ஒரு கடல்

எங்கள் பள்ளியில் புதிய வகுப்பறைகள் எழும்பிக்கொண்டிருந்தபோது, அரியலூரிலிருந்து சிமெண்டு மூட்டைகள் லாரியில் வந்து இறங்கின. அவற்றைக் காட்டிய எங்கள் அறிவியல் ஆசிரியை, "இந்த மூட்டைக்குள் ஒரு கடல் இருக்கிறது; கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்!" என்றார். நாங்கள் சிரித்தோம். மதுரையில் வைகை உண்டு, தெப்பக்குளம் உண்டு, கடல் ஏது? ஆயினும் அந்தப் புதிரை விடுவிக்க முயன்று நாங்கள் கற்றவற்றை இங்கே தருகிறோம்.

நம் ஊர்ப் பாறைகள்

முதலில் நம் ஊரிலேயே தேடினோம். யானைமலையின் பாறை, பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. அதில் உயிர்களின் சுவடு கிடையாது. அருப்புக்கோட்டை அருகே பந்தல்குடியில் சுண்ணாம்புக்கல் கிடைக்கிறது. ஆனால் அதுவும் வெப்பத்தால் உருமாறிப் படிகமாகிவிட்ட கல். அதில் எப்போதேனும் உயிரின் அடையாளம் இருந்திருந்தாலும் அது அழிந்தே போயிருக்கும்.

கடல் வந்து போன கதை

அரியலூரின் நிலை வேறு. இன்று அவ்வூர் கடற்கரையிலிருந்து 70 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஆனால் இந்தியா, அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்து வடக்கே நகர்ந்த காலத்தில், ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன், கடல் அங்கே உட்புகுந்தது. பல கோடி ஆண்டுகள் அது முன்னேறுவதும் பின்வாங்குவதுமாக இருந்தது. அப்போது சேறும் மணலும் சிப்பிகளும் அடுக்கடுக்காகப் படிந்து பாறையாயின. பிளான்ஃபோர்டு என்ற நிலவியல் அறிஞர் இவற்றை ஆராய்ந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அவரது நூல் 1862இல் வெளிவந்தது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்மரமும் அந்தக் கடலில் புதைந்ததே.

துளை தாங்கிகள்

கல்மரத்தைக் காண யாவரும் செல்வர். எங்கள் மனத்தைக் கவர்ந்தவையோ கண்ணுக்கு எளிதில் புலப்படாதவை. ஃபொராமினிஃபெரா என்பன கடல்வாழ் ஒரு செல் உயிர்கள். இலத்தீன் மொழியில் இப்பெயருக்குத் 'துளை தாங்கிகள்' என்று பொருள். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியவை. அவற்றுள் பல, கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு அறை அறையாக ஓடு கட்டிக்கொள்கின்றன. அவை இறந்தபின் ஓடுகள் கடலடியில் படிந்துவிடும்.

அரியலூர்ப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் தோழி, விடுமுறை முடிந்து திரும்புகையில் ஒரு பொட்டலம் களிமண் கொண்டு வந்தாள். இரவு முழுதும் ஊறவைத்து, மாவுச் சல்லடையில் கழுவினோம். நுண்ணோக்கியில் மணலைத் தவிர வேறொன்றும் இல்லை. நாங்கள் தேடியவை சேற்றுநீரோடு சாக்கடைக்குப் போய்விட்டன! மீதி மண்ணை மெல்லிய துணியில் பொறுமையாக அலசினோம். இம்முறை, கடுகைவிடச் சிறியதாய், சின்னஞ்சிறு குமிழ்கள் சேர்ந்தாற்போன்ற ஓடு ஒன்று தென்பட்டது. நாங்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு பார்த்தோம். கோடிக்கணக்கான ஆண்டுகள் பழமையான ஒரு வீடு!

சிறியவற்றின் சாட்சி

இவற்றால் என்ன பயன்? ஒவ்வொரு காலத்திலும் வெவ்வேறு இனங்கள் வாழ்ந்து மறைந்தன. ஆகவே ஓட்டின் வடிவைக் கொண்டு பாறையின் வயதைக் கூறலாம். அக்கடல் ஆழமானதா, ஆழமற்றதா என்றும் அறியலாம். காவிரிப் படுகையில் எண்ணெய் தேடித் துளையிடுவோர், ஆழத்திலிருந்து எடுக்கும் பாறைத்துண்டின் காலத்தை இவற்றைக் கொண்டே கணிக்கின்றனர். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் மறைந்தபோது, கடலில் மிதந்து வாழ்ந்த இவ்வினங்களுள் பெரும்பாலானவையும் மறைந்தன. அந்தப் பேரழிவுக்கு முன்னும் பின்னும் படிந்த பாறைகள் அரியலூர் வட்டாரத்தில் உள்ளன.

புதிரின் விடை

கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில், ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட சிப்பிகளும் ஃபொராமினிஃபெரா ஓடுகளும் நிறைந்துள்ளன. அத்தகைய கல்லையே வெட்டி, அரைத்து, சுமார் 1,450 டிகிரி வெப்பத்தில் சுட்டுச் சிமெண்டு ஆக்குகிறார்கள். பந்தல்குடியில் பூமி செய்ததை இங்கே சூளை செய்கிறது: ஓட்டின் உருவம் அழிந்துவிடுகிறது.

சிமெண்டு வேண்டாம் என்று நாம் சொல்ல இயலாது. நம் வகுப்பறையே அதனால் ஆனது. ஆனால் எரித்த ஏட்டை மீண்டும் படிக்க முடியாது. சுரங்கத்தில் வெட்டப்படும் ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் சிறிது கல்லையும் மண்ணையும், எடுத்த இடம் குறித்து, அருங்காட்சியகங்களிலும் கல்லூரிகளிலும் சேர்த்து வைத்தால், பின்வருவோர் படிப்பர். அப்பகுதிப் பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் வயலிலிருந்து சிப்பிக்கல் எடுத்து வந்தால் தூக்கி எறியாதீர்கள். எங்கே கிடைத்தது என்று ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

எங்கள் ஓடு இப்போது ஆய்வகத்தில் ஒரு கண்ணாடித் தகட்டின் மேல், ஊரின் பெயரோடு இருக்கிறது. அடுத்த ஆண்டு வரும் தங்கைகள் அதைக் காண்பார்களாக!