வைக்கோல் கூண்டு செய்யலாம் வாங்க: கடைசி வேலை காந்தத்துக்கு

பிசான அறுப்பு முடிந்தால் தாமிரபரணிப் பாசன ஊர்களில் வைக்கோல் படப்பு ஏறிவிடும். அந்த வைக்கோலைத் தொழுவத்தில் தரையில் உதறிப் போட்டீங்கன்னா, ஒரு பங்கு மாட்டின் வாய்க்குப் போகும். இன்னொரு பங்கு காலில் மிதிபட்டுச் சாணத்தோடு போகும். இதற்கு நல்ல தீர்வு, உள்ளூர் வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளும் இரும்பு வைக்கோல் கூண்டு. ஆனால் கூண்டிலிருந்து உதிரும் ஒரு சின்னக் கம்பித் துண்டு மாட்டின் உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் கூண்டு செய்யும் முறையோடு, அதைப் பாதுகாப்பாகப் பழுது பார்ப்பதையும் சேர்த்தே தெரிஞ்சுக்குவோம்.

கம்பி உள்ளே போனால் என்ன ஆகும்?

மாடு தீவனத்தை நன்றாக மெல்லாமல் விழுங்கும், பிறகுதான் அசைபோடும். அதனால் வைக்கோலில் கிடக்கும் ஆணியோ கம்பியோ வாயில் தட்டுப்படாமல் உள்ளே போய்விடும். இரும்பு கனமானது என்பதால், தேன்கூடு போலத் தோற்றம் கொண்ட இரண்டாம் வயிற்று அறையில் தங்கும். அதற்கு முன்னால் இருப்பது உதரவிதானம். அதைத் தாண்டினால் இதயம். வயிறு சுருங்கும்போது கூர்முனை முன்னோக்கிக் குத்தும். நிறைசினையிலும் கன்று ஈனும் நேரத்திலும் இந்த ஆபத்து இன்னும் கூடும்.

கூண்டு செய்யும்போது

1. இடம்: ஒரு பெரிய மாட்டுக்கு 2 முதல் 2½ அடி அகலம் வேணும். மூன்று மாடு என்றால் 7 அடிக்குக் குறையாமல் செய்யுங்க. இடம் பற்றாவிட்டால் பலமான மாடு மற்றதை முட்டித் தள்ளும்.

2. உயரம்: கூண்டு மாட்டின் கண்ணுக்கு மேலே போக வேண்டாம். தூசியும் பதரும் கண்ணில் விழும். கூண்டின் அடியில் ஒரு தகரத் தட்டு வைத்தால், உதிரும் வைக்கோலையும் மாடு தின்றுவிடும்.

3. கம்பி இடைவெளி: சுமார் 4 அங்குலம் போதும். மாடு வைக்கோலை இழுக்க முடியணும். ஆனால் தலையோ கொம்போ உள்ளே போய் மாட்டிக்கொள்ளக் கூடாது. கன்றுக்குட்டியைக் கூண்டுப் பக்கம் தனியே விடாதீங்க.

4. முனைகள்: வெட்டிய கம்பி முனை எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கிரைண்டரால் மழுக்கி, கையால் தடவிப் பாருங்க. உங்க கையைக் கீறுவது மாட்டின் நாக்கையும் கீறும்.

5. பேரல் எச்சரிக்கை: பழைய பேரலை இரண்டாகப் பிளந்து தொட்டி செய்யும் பழக்கம் உண்டு. பூச்சிமருந்து இருந்த பேரல் எத்தனை முறை கழுவினாலும் தீவனத்துக்கு ஆகாது. டீசல், பெட்ரோல், தின்னர் இருந்த பேரல் காலியாக இருந்தாலும் உள்ளே ஆவி நிற்கும், வெட்டும்போது வெடிக்கலாம். என்ன இருந்தது என்று தெரியாத பேரலைத் தொடவே வேண்டாம்.

6. பெயிண்ட்: மாடு இரும்பை நக்கும். ஈயம் கலந்த பெயிண்ட் மாட்டுக்கு விஷம். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. தொழிற்சாலைப் பெயிண்டுகள் அந்த விதிக்குள் வராது. அதனால் டப்பாவில் ஈயம் பற்றிய குறிப்பைப் படித்து வாங்குங்க. நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டை அருகில் கட்டுங்க.

பழுது பார்க்கும்போது

உடைந்த கம்பியைக் கட்டுக் கம்பியால் முறுக்கி வைப்பதுதான் நாம் வழக்கமாகச் செய்வது. மாட்டுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. முறுக்கிய முனை துருப்பிடித்து, உடைந்து, நேரே வைக்கோலில் விழும். வெல்டிங் வைக்கும்வரை அவசரத்துக்குக் கயிற்றால் கட்டுங்க.

வெல்டிங் வேலையைத் தொழுவத்துக்குள் செய்யாதீங்க. ஒரு பொறி படப்பையே எரித்துவிடும். கூண்டைக் கழற்றி வெளியே கொண்டுபோங்க. ஜி.ஐ. குழாயாக இருந்தால், வெல்டிங் வைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சைச் சுரண்டிவிட்டுத் திறந்த வெளியில் வேலை செய்யணும். அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். துருவை உப்புத்தாளால் தேய்த்த பிறகே பெயிண்ட் அடிக்கணும்.

எல்லாம் முடிந்ததும் கடைசி வேலை காந்தத்துக்கு. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கோலில் கட்டி, கூண்டு, தட்டு, சுற்றியுள்ள தரை எல்லாம் தடவுங்க. ஒட்டும் கம்பித் தூளையும் வெல்டிங் துணுக்குகளையும் டப்பாவில் போட்டு அப்புறப்படுத்துங்க. காந்தத்தில் செம்பும் அலுமினியமும் ஒட்டாது. அதைக் கண்ணால்தான் பார்க்கணும். இயந்திரத்தில் சுருட்டிய வைக்கோல் உருளை என்றால், சுற்றியிருக்கும் கயிறு முழுவதையும் எடுத்த பிறகு போடுங்க. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்ததுபோல வெள்ளம் புகுந்துவிட்டால், வண்டலோடு ஆணியும் கம்பியும் வந்து கிடக்கும். கூண்டைக் கழுவி, காந்தம் தடவிய பிறகே தீவனம் வையுங்க.

உங்கள் செல்போன் செய்யும் உதவி

• மாதம் ஒரு முறை கூண்டைச் சோதிக்க அலாரம் வையுங்க. ஒவ்வொரு வெல்டிங் இணைப்பையும் படம் எடுத்து, போன மாதப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்க. விரிசல் தெரியும்.

• மாட்டின் காதுத் தோட்டில் உள்ள 12 இலக்க எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்க. சிகிச்சை பெறும்போது கேட்டால் உடனே காட்டலாம்.

• பால் திடீரென்று குறைவது, தீவனம் எடுக்காமல் நிற்பது, முதுகை வளைத்து முன்னங்கால் முட்டியை விரித்து நிற்பது, சரிவில் இறங்கத் தயங்குவது, நெஞ்சுத் தாடை வீங்குவது - இவற்றில் எது தெரிந்தாலும் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்க.

அறிகுறி தெரிந்தால் கைவைத்தியம் செய்து நாளைக் கடத்த வேண்டாம். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்க. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம். திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. கம்பி இதயத்தைத் தொடும் முன் கண்டுபிடித்தால் அறுவை சிகிச்சையால் எடுத்துவிட முடியும். தொட்ட பிறகு மாட்டைக் காப்பாற்றுவது மிகவும் கடினம்.

இந்த வாரமே உங்க தொழுவத்துக் கூண்டில் கட்டுக் கம்பி எங்காவது முறுக்கியிருக்கான்னு பாருங்க. இருந்தால் முதலில் அதை எடுங்க.